தாண்டிக்குடி: பழம் பறித்த அன்றிரவு

கொடைக்கானல் மலைச்சாலையில் ஊத்து என்ற இடத்தில் பிரிந்து, பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடிக்குப் போகலாம். வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை வழியாக ஏறுவது இன்னொரு பாதை. காப்பித் தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். வளைவுகள் குறுகல், எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும், பொழுது சாய்ந்தால் காட்டுமாடு சாலையில் நிற்கும். ஆனால் கீழே புளியும் தென்னையும் முடிந்து, வாழையும் மிளகும் தொடங்கி, காப்பி வந்து சேர்வதை அந்த ஒரே ஏற்றத்தில் பார்த்துவிடலாம்.

கீழ்ப்பழனி மலையில் காப்பி பெரும்பாலும் சிறு குடும்பங்களின் கையில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் தோட்டம், வீட்டுக்கு முன்னால் களம். நாங்கள் பார்த்த இயற்கைத் தோட்டமும் அப்படித்தான். மேலே சில்வர் ஓக், பலா, அத்தி. அதற்குக் கீழே முள்முருங்கை. அதன் நிழலில் காப்பி. மரங்களில் மிளகுக்கொடி, இடைவெளியில் மலைவாழை.

இந்த நிழல்தான் மருந்தில்லாத விவசாயத்தின் ஆதாரம். இங்கே விளையும் அராபிகா என்ற காப்பி இனத்தின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். இந்த வண்டு வெயில் விழும் தண்டைத் தேடிப் போய், பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே குடைந்து போனபின் எந்த மருந்தும் எட்டாது. ஏப்ரல் மேயிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டு பறக்கும். அதற்குள் தண்டின் உதிரும் பட்டையைத் தென்னைநாராலோ சாக்காலோ தேய்த்து எடுத்து, பத்து சத சுண்ணாம்புக் கரைசல் பூச வேண்டும். 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு. இலை மஞ்சளித்து, தண்டில் வரிவரியாக மேடு தெரிந்தால் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. நிழல் மரத்தை ஒரேயடியாகக் கவாத்து செய்து வெயிலைத் திறந்துவிட்ட தோட்டங்களில் சேதம் அதிகம். நிழல் கூடிப்போனாலும் ஆகாது; ஈரம் தங்கி இலைத்துரு என்ற பூஞ்சை நோய் வரும், பூ குறையும். இரண்டுக்கும் நடுவே நிறுத்துவது கண்பழக்கம். இயற்கைச் சான்றிதழ் கேட்கிற குடும்பம், காப்பி போன்ற நீண்டகாலப் பயிருக்கு மூன்று வருடம் மாறுதல் காலம் காத்திருக்க வேண்டும். அந்த வருடங்களில் செலவு இயற்கை விவசாயத்துக்கானது, கிடைப்பது சாதாரண விலை.

செடி வகையையும் கேட்டுப் பாருங்கள். 1940-களில் வந்த எஸ்.795 உயரமாக வளரும். சுவைக்குப் பேர் போனது, துளைப்பானுக்கு எளிதில் இரையாகும். 2007-இல் வெளிவந்த சந்திரகிரி குட்டை, அடர்த்தி. தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் இந்த மலை விவசாயிகளுக்கு வகைப் பெயர்கள் வாயிலேயே இருக்கும்.

இனி, பறித்த பழத்தின் கதை. குடகில் பழம் எடுக்கும்போது பெரும்பாலும் வெயில். இங்கே நவம்பரில் அறுவடை தொடங்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். பழனி மலைக் காப்பியின் கஷ்டம் முழுவதும் இதில் இருக்கிறது. பழம் ஒரே சமயத்தில் பழுக்காது. ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை போக வேண்டும். நன்றாகச் சிவந்ததை மட்டும் பறிப்பார்கள். பச்சைக்காய் சேர்ந்தால் காப்பியில் துவர்ப்பு ஏறும்.

பகலில் பறித்ததை அன்று மாலையே பல்பரில், அதாவது பழத்தோலை உரிக்கும் இயந்திரத்தில், போட்டாக வேண்டும். சாக்கில் ஒரு இரவு கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். முதலில் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி மிதப்பதை வடித்துத் தனியே வைக்கிறார்கள். உள்ளே கொட்டை பொக்கானதும், பழத்தைக் குடையும் காய்த்துளைப்பான் (தண்டுத் துளைப்பான் அல்ல, வேறு பூச்சி) ஏறியதும் அதில் வரும். பிறகு பல்பர். உருளைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பழத்தின் அளவுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். இறுக்கினால் கொட்டை கீறும். கீறிய கொட்டை கறுத்து, வறுக்கும்போது நாறும். தளர்த்தினால் சின்னப் பழம் தோலோடு நழுவிப் போகும்.

தோல் போன கொட்டையைச் சுற்றி வழுவழுப்பு இருக்கும். அதைத் தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் புளிக்க விடுகிறார்கள். குளிர் அதிகமான இரவுகளில் இன்னும் நேரம் பிடிக்கும். கடிகாரத்தை நம்ப முடியாது. வீட்டுக்கார அம்மா ராத்திரியில் டார்ச்சோடு வந்து, தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, தண்ணீரில் அலசி உள்ளங்கையில் தேய்க்கிறார். "வழுக்குனா ஆகல தம்பி. கரகரன்னு சத்தம் வரணும்." கூழாங்கல்லைத் தேய்ப்பது போன்ற அந்தச் சத்தம் வந்ததும் உடனே கழுவியாக வேண்டும். சில மணி நேரம் தாமதித்தால் காடி வாசம் கொட்டைக்குள் இறங்கிவிடும். அதை எந்த வறுவலும் எடுக்காது. முன்னதாகக் கழுவினால் ஒட்டிய பிசுக்கில் பூஞ்சை பிடிக்கும். ஒரு வருட உழைப்பின் சுவை இந்தச் சில மணி நேரத்தில்தான் முடிவாகிறது.

கழுவிய தண்ணீரை ஓடையில் விடக்கூடாது. இந்த மலையின் ஓடைகள் அடிவாரத்து மருதாநதிக்குப் போகின்றன. நாங்கள் பார்த்த இடத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுத் தேக்கியிருந்தார்கள். தோல் முழுவதும் சாணத்தோடு மட்கி மறுபடி செடிக்கே போகிறது.

காய வைப்பதுதான் மழையோடு மல்லுக்கட்டு. தரையில் பரப்பாமல் கம்பிவலைக் கட்டிலில் பரப்புகிறார்கள், கீழிருந்தும் காற்று போக. மணிக்கொரு தடவை கிளற வேண்டும். மாலையில் பனி இறங்குமுன் குவித்துத் தார்ப்பாய் மூட வேண்டும். வெயில் நன்றாக இருந்தால் ஏழிலிருந்து பத்து நாள். ஒரே படியில் அளந்த கொட்டை அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே எடை காட்டினால் காய்ந்தது என்று கணக்கு. ஈரம் பத்து சதத்துக்கு வர வேண்டும். நூறு கிலோ பழத்திலிருந்து கடைசியில் மேலோடு நீக்கிக் கிடைக்கும் சுத்தமான காப்பிப் பருப்பு பதினாறு கிலோ அளவுதான். விலை ஏன் அவ்வளவு என்று கேட்குமுன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழத்தோடு அப்படியே உலர்த்திய காப்பியும் இங்கே கிடைக்கும். சரியாக வந்தால் பழ வாசமும் இனிப்பும் சேர்ந்து ஒயினை நினைவூட்டும். ஆனால் மழை மாதத்தில் அதைச் செய்வது துணிச்சல். வாங்குமுன் முகர்ந்து பாருங்கள். ஈரச்சாக்கு வாசம் வந்தால் வேண்டாம். எனக்குப் பிடித்தது கழுவிய காப்பி: லேசான புளிப்பு, தெளிந்த பின்சுவை.

போவதென்றால் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்லது. முன்கூட்டிப் பேசிவிட்டு, மாலை நாலு மணிக்குள் போய்ச் சேருங்கள். பல்பர் ஓடுவது அதன் பிறகுதான். பழம் எடுப்பவர்களின் கூடைக்குக் குறுக்கே நிற்காதீர்கள். காலையில் நேரம் இருந்தால் ஊருக்கு அருகே உள்ள கல்திட்டைகளையும் (பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்கள்) பார்க்கலாம்.

தூளாக வாங்காதீர்கள், கொட்டையாக வாங்குங்கள். வறுத்த தேதியைக் கேளுங்கள். வறுத்து ஐந்தாறு நாள் ஆனபின் குடித்தால் வாசம் நன்றாகத் திறக்கும். வீட்டு ஃபில்டருக்கு என்றால் நடுத்தர வறுவல் போதும். இந்தக் காப்பியில் சிக்கரி கலக்க வேண்டாம். முதல் தடவையாவது பாலில்லாமல் குடித்துப் பாருங்கள்.