வாடகைக்குள் இருக்கும் பத்துப் பைசா

எங்கள் கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிறுதான் லீவு என்பதால், திருப்பூர், அவிநாசிப் பக்கத்து நூலகங்களில் அன்றைக்குத்தான் கூட்டம். நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். வருகிற ஆட்கள்தான் வேறு.

அந்தக் காலத்தில் வாசலில் நிற்கிறவர்களில் பாதிப்பேர் பேப்பருக்காக வந்திருப்பார்கள். இருப்பது ஒரே பிரதி. வந்ததும் அதைத் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். முதல் தாள் ஒருவர் கையில், விளையாட்டுப் பக்கம் இன்னொருவர் கையில். "அம்மிணி, நடுத்தாள் ஆருகிட்ட இருக்குதுங்க?" என்று என்னைத்தான் கேட்பார்கள். திமுககாரரும் அதிமுககாரரும் அவரவர் கட்சிப் பேப்பரை வீட்டிலிருந்து கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள். அதை அடுத்த கட்சிக்காரர்தான் முதலில் எடுப்பார். எதிராளி என்ன எழுதியிருக்கிறான் என்று தெரிந்துகொண்டுதான் டீக்கடைக்குச் சண்டை போடப் போவார்கள். இப்போது அவரவர் கைபேசியில் அவரவர் கட்சிச் செய்தி மட்டும் வருகிறது. மற்றவன் எழுதியதைப் படித்துவிட்டுத் திட்டுகிற பழக்கம் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

வயர்கூடையில் குடும்ப நாவல்களை அடுக்கி எடுத்துப்போன பெண்கள் ஏன் வரவில்லை என்று கேட்டால் எல்லோரும் டிவியைக் கைகாட்டுவார்கள். 1993-ல் சன் டிவி வந்தது உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் அவர்களைக் கொண்டுபோனது ஒன்றரை ஷிப்ட். காலையில் போய் இரவு எட்டரைக்கு வீடு திரும்புகிறவள் எந்த நேரத்தில் நூலகத்துக்கு வருவாள்? பெண்கள் கைக்குப் பணம் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். நூலகம் அவர்கள் நேரத்துக்குத் திறந்திருக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது மேசையை நிறைத்திருப்பவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் 2021 இறுதியில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயமானது. அதற்கு அப்புறம் யாரும் தொடாமல் கிடந்த இலக்கண நூல்கள் அலமாரியில் தங்குவதே இல்லை. ஒரு அரசாணை வந்தால் எந்த அலமாரி காலியாகும் என்று நூலகருக்குத்தான் முதலில் தெரியும்.

இவர்களுக்கு நடுவில், நான் முக்கியமாகச் சொல்ல வந்த குழந்தை இருக்கிறாள். பெற்றோர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். இருவருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. அப்பா செக்கிங், அம்மா கைமடிக்கிறார். குடியிருப்பது வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீட்டில். பெண் இங்கே ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நாலாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவாள். படக்கதைப் புத்தகத்தில் ஒரு வரியைத் தமிழில் விரல் வைத்து வாசிப்பாள். அப்புறம் அதையே ஒடியாவில் தம்பிக்குச் சொல்வாள். அவன் சிரித்தால்தான் அடுத்த வரி. அம்மா செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றிருப்பார். "உள்ள வாங்க" என்று கூப்பிட்டால் தலையை ஆட்டுவார், வர மாட்டார். உறுப்பினராக்கலாம் என்றால் ஆதாரில் ஒடிசா முகவரி. பள்ளித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி, அந்தச் சின்னப் பெண்ணின் பெயரைப் பதிந்தேன்.

அந்த அம்மா உள்ளே வர என்ன இருக்கிறது என்று யோசித்துத்தான், ஒரு தட்டிலாவது ஒடியா, இந்திப் புத்தகங்கள் வைக்க வேண்டும் என்று வாசகர் வட்டத்தில் பேசினேன். நீண்ட காலமாக வருகிற ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். "65-ல பொள்ளாச்சியில சுட்டாங்களே, அதெல்லாம் எதுக்குங்க அம்மிணி? நீங்களே இந்திக்கு ஒரு தட்டு ஒதுக்கிக் குடுப்பீங்களா?" என்றார். அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. நானும் அந்த இந்தி எதிர்ப்புப் போராட்டக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள். ஆனால் அன்றைக்கு எதிர்த்தது அதிகாரத்தில் இருந்தவர்கள் நம்மேல் ஒரு மொழியைச் சுமத்தியதை. செருப்பு விடுகிற இடத்தில் நிற்கிற பெண் யார்மேல் எதைச் சுமத்துகிறாள்? அவளுக்கும் தாய்மொழி என்று ஒன்று இருக்கிறது. அது இந்திகூட இல்லை.

இன்னொன்றும் சொன்னேன். நமது நூலகங்கள் 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தால் நடப்பவை. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. லைன் வீட்டு ஓனர் அதைக் கட்டுகிறார், சரி. எங்கிருந்து எடுத்துக் கட்டுகிறார்? 2022-ல் சொத்து வரி கூடியபோது எங்கள் தெருவில் லைன் வீட்டு வாடகையும் கூடியது. அந்த வாடகைக்குள் இந்த நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் உண்டான பத்துப் பைசா இருக்கிறது. அதைக் கொடுக்கிறவர்களில் கட்டிங் மாஸ்டரும் உண்டு, கைமடிக்கிற ஒடிசாக்காரப் பெண்ணும் உண்டு. அந்தச் சட்டம் வர உழைத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலக விதிகளை எழுதிவிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அதில் இரண்டாவது. இன்ன மொழி பேசுகிற வாசகர் என்று அவர் பிரிக்கவில்லை.

பெரியவர் அன்றைக்குப் பதில் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த வாரம் வந்து, "தமிழையும் பக்கத்துல போட்ட புத்தகமா இருந்தா நம்ம புள்ளைங்களும் பாக்கும்ல?" என்று கேட்டார். நல்ல யோசனை. அவர் முழு மனதாக ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். பரவாயில்லை, இப்படிப் பேசி முடிவு செய்யத்தானே வாசகர் வட்டம்.

துறை வழியாகப் புத்தகம் வந்து சேர நாளாகும். நேஷனல் புக் டிரஸ்ட் ஒடியாவிலும் இந்தியிலும் குழந்தைகளுக்குக் குறைந்த விலையில் படப் புத்தகங்கள் போடுகிறது. புவனேஸ்வர் பக்கம் வேலையாகப் போகிற ஏற்றுமதிக்காரர்களும் ஏஜென்டுகளும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது நாலைந்து வாங்கி வாருங்கள். பெரிய எழுத்தாக இருக்கட்டும், அம்மாக்களும் படிப்பார்கள். அன்பளிப்புப் பதிவேட்டில் உங்கள் பெயரில் ஏற்றி ரசீது தருகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வராதீர்கள், பூட்டியிருக்கும்.