பின்னணி இசையைக் குறைத்துக்கொண்டே பழகுங்கள்

கிட்டார் பழகுகிறவர்களுக்குப் பின்னணி இசை மென்பொருள் என்றால் தனிப் பிரியம். டிரம்ஸ், பேஸ், பியானோ எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது நாம் எது வாசித்தாலும் கச்சேரி களைகட்டியது போலத்தான் இருக்கும். எனக்குச் சந்தேகம் அந்தச் சுகத்தின் மீதுதான். பக்கவாத்தியக்காரர் நாம் தடுமாறினால் கேட்டு அனுசரித்துப் போவார். மென்பொருளுக்குக் காது கிடையாது. போதாக்குறைக்கு, நம் பிசிறுகளையும் மூடி மறைத்துவிடும்.

1990-இல் வந்த பேண்ட்-இன்-எ-பாக்ஸ் ஆகட்டும், கைப்பேசியில் ஓடும் ஐரியல் ப்ரோ ஆகட்டும், கார்ட்களை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, கொடுத்துப் பாணியைத் தேர்ந்தெடுத்தால் மற்ற வாத்தியங்கள் தயார். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாக நிறுத்தவும் முடியும். என் பயிற்சி முழுக்க அந்த வசதியை நம்பித்தான் நடக்கிறது.

பன்னிரண்டு பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) கொண்ட புளூஸ் இசை வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ சுருதியில் முதல் நான்கு பார் ஏ7 கார்ட், அடுத்த இரண்டு டி7, மறுபடி இரண்டு ஏ7, ஒன்பதாவது பாரில் இ7, பத்தாவதில் டி7, கடைசி இரண்டில் ஏ7. வேகம் நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் ஒரு சுற்றுக்கு 48 விநாடி. முதலில் எல்லா வாத்தியங்களோடும் வாசியுங்கள். பிறகு பியானோவை நிறுத்துங்கள். கார்ட் மாறுவதை பேஸ் மட்டும் சொல்லும். அதையும் நிறுத்தினால் டிரம்ஸ்தான் மிச்சம். பலருக்கு ஒன்பதாவது பார் எங்கே வருகிறது என்பதே அப்போது குழம்பிவிடும். இனி கார்ட் மாற்றத்தை உங்கள் மெட்டுதான் காட்ட வேண்டும். ஏ7-இல் உள்ள ஜி ஸ்வரத்திலிருந்து அரை ஸ்வரம் இறங்கி, டி7 தொடங்கும் கணத்தில் அதிலுள்ள எஃப் ஷார்ப்பில் நில்லுங்கள். பின்னணியே இல்லாவிட்டாலும் கார்ட் மாறியது கேட்பவருக்குத் தெரியும்.

அடுத்தது கொஞ்சம் கொடுமையான பயிற்சி. இசையை ஒலிக்கோப்பாக எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் நடுவே நான்கு பாரை மௌனமாக்குங்கள். அந்த 16 விநாடியும் நிறுத்தாமல் வாசியுங்கள். டிரம்ஸ் திரும்பும்போது நீங்கள் முந்தியிருந்தால், ஓட்டம் பிடிக்கும் பழக்கம் கையில் இருக்கிறது என்று பொருள்.

ஐரியல் ப்ரோவில் ஒவ்வொரு சுற்றுக்கும் வேகமோ சுருதியோ தானாக மாறும்படி அமைக்கலாம். கிட்டாரில் சுருதி மாற்றம் பெரும்பாலும் கையை நகர்த்துவதோடு முடிந்துவிடும். கீபோர்டுக்காரர்களுக்குத்தான் அது உண்மையான சோதனை.

வாத்தியத்தைக் கணினி வழியாகக் கேட்டு வாசிப்பவர்கள் புளூடூத் ஹெட்போனைத் தவிர்த்து, கம்பியுள்ளதையே பயன்படுத்துங்கள். மீட்டிய ஒலி தாமதமாகக் காதுக்கு வந்தால் தாளம் நிற்காது.

ராக்ஸ்கூல் போன்ற அமைப்புகள் நடத்தும் இசைத் தேர்வுகளுக்குப் போகிறவர்கள், கடைசி வாரத்தில் மட்டும் இந்தக் குறைப்பு வேலையை ஒதுக்கிவிட்டுத் தேர்வுக்குரிய பின்னணி இசையை முழுதாகப் போட்டு வாசியுங்கள். தொடக்க எண்ணிக்கை முடிந்ததும் முதல் ஸ்வரத்தில் சரியாக நுழைவதைத் தனியாகப் பழக வேண்டும். எண்ணிக்கையும் நுழைவும் வரும் இரண்டு பாரை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் போதும்.