ஏமாறப்போகிறவனிடமிருந்து எழுதத் தொடங்குவது

இரகசியக் குழு ஒன்று குற்றவாளியை ஏமாற்றி வீழ்த்தும் கதையை முதல் சீனிலிருந்து எழுதத் தொடங்கினால், இருபதாவது பக்கத்தில் வண்டி நின்றுவிடும். குழு சுவரில் துளை போடும், வேடம் கட்டும், ஒயரை அறுக்கும்; கதை மட்டும் நகராது. தொடங்கவேண்டிய இடம் கடைசியில் இருக்கிறது. எதிராளி தன் கையாலேயே செய்யப்போகும் ஒரு காரியம் எது? ஒளித்துவைத்த பணத்தை அவனே போய் எடுக்கவேண்டும், அல்லது தன் கூட்டாளியை அவனே சந்தேகப்பட்டுத் தீர்த்துக்கட்டவேண்டும். அதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு பின்னோக்கி வரவேண்டும். அதைச் செய்ய அவன் எதை நம்பவேண்டும்? அதை நம்ப எதைக் கண்ணால் பார்க்கவேண்டும்? அதைக் காட்ட யார் எங்கே நிற்கவேண்டும்? குழுவின் வேலை இந்த மூன்றாவது கேள்வியில்தான் வருகிறது.

இந்தக் கணக்கை வாரம் தவறாமல் போட்டுக்காட்டிய தொடர் ‘மிஷன்: இம்பாஸிபிள்’. 1966 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1973 மார்ச் வரை ஏழு சீசன், 171 எபிசோடு. உருவாக்கியவர் புரூஸ் கெல்லர். தயாரித்தது நடிகை லூசில் பால் நடத்திய டெசிலு நிறுவனம். பின்னால் வந்த சினிமாக்களை மறந்துவிட்டுப் பார்க்கவேண்டும். அவற்றில் நாயகன் ஓடுகிறான். தொடரில் யாரும் ஓடுவதில்லை, நடக்கிறார்கள். ஓடினால் காவலாளி திரும்பிப் பார்ப்பான்.

பின்னோக்கி எழுதுவது என்றால் என்ன என்பதற்கு, காலத்தையே பொய்யாக்கும் எபிசோடுகளைப் போல் வேறு பாடம் கிடையாது. முதல் சீசனில் ரோகோஷ் என்ற எதிரி முகவர் லாஸ் ஏஞ்சலஸில் பெரும் உயிர்ச்சேதத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டான். அடித்துக் கேட்டாலும் சொல்லமாட்டான். எனவே, மூன்று ஆண்டு கழிந்துவிட்டது, தன் நாட்டுச் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருக்கிறோம் என்று அவனை நம்பவைக்கிறார்கள். திட்டம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டதாக நினைப்பவனுக்கு இரகசியத்தைக் காக்க என்ன காரணம் இருக்கும்? 1968இல் வந்த ‘தி ஃப்ரீஸ்’ எபிசோடில் ஒரு கொள்ளையன் தன்மேல் வழக்குப் போடுவதற்கான சட்டக் காலக்கெடு முடியட்டும் என்று பணத்தைத் தொடாமல் காத்திருக்கிறான். உன்னை உறைய வைத்து எழுப்பியிருக்கிறோம், இது 1980 என்கிறார்கள். 1971இல் ‘என்கோர்’: கிழட்டு ரௌடி ஒருவன் கண்விழிக்கும்போது 1937, அவன் அன்று செய்த கொலையின் பிணம் எங்கே என்பதுதான் தெரியவேண்டும். அந்த ரௌடியாக நடித்தவர் வில்லியம் ஷாட்னர்.

மூன்றும் ஒரே வித்தை மாதிரித் தோன்றும். உள்ளே பார்த்தால் மூன்றுக்கும் பூட்டு வேறு: ஒருவனுக்கு விசுவாசம், ஒருவனுக்குச் சட்டம், ஒருவனுக்குப் பழக்கம். எந்த ஆளை எது வாய்திறக்கவிடாமல் வைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் செட் போடுவது காசுக்குக் கேடு. 

செட் என்றதும் ஒரு வேலை விவரம். பொய் இடத்தைக் கட்டும் கதைகளில் முதலில் கேட்கவேண்டியது ஜன்னலைப் பற்றி. நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஜன்னல் கிடையாது. சத்தம், ஆட்டம், கசியும் தண்ணீர், இவை போதும். நான்காம் சீசனில் ஒரு முன்னாள் நாஜி அதிகாரியிடம் அதைத்தான் செய்தார்கள். இரயிலுக்கு ஜன்னல் உண்டு. முதல் சீசனின் ‘தி டிரெயின்’ எபிசோடில் நின்ற இடத்தில் நிற்கும் பெட்டிக்கு வெளியே இயற்கைக் காட்சியைப் படமாகத் திரையில் ஓட்டுகிறார்கள். தொடர் படமாக்கப்பட்ட ஸ்டுடியோவில் நிஜமாகவே இரயில் சீன் எடுக்கும் முறை அதேதான். ஸ்டுடியோ தன் வித்தையையே கதைக்குள் திட்டமாக வைத்துவிட்டது. எழுதுகிறவருக்கு இதைவிடச் சிக்கனமான யோசனை கிடைக்காது.

எதிராளியை முட்டாளாக எழுதுவதுதான் இந்த வகைக் கதையில் அதிகம் நடக்கும் கெடுதல். காவலாளி முட்டாளாக இருக்கலாம், முதலாளி இருக்கக்கூடாது. மூன்றாம் சீசனில் பால் பிளேடன் எழுதிய ‘தி மைண்ட் ஆஃப் ஸ்டெஃபான் மிக்லாஸ்’ இதன் உச்சம். மிக்லாஸ் எதையும் கவனிக்காமல் விடாத புலனாய்வு மூளை. அவனிடம் பொய்யை நேராக நீட்டினால் கண்டுபிடித்துவிடுவான். அதனால் குழு வேண்டுமென்றே சின்னச்சின்னப் பிசகுகளை விட்டுவைக்கிறது. அவன் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ‘என்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள்’ என்று தானே முடிவுகட்டி, குழுவுக்கு வேண்டிய தவறான இடத்துக்குப் போய்ச்சேருகிறான். எழுதும்போது இதில் ஒரு அபாயம் உண்டு. பிசகு பெரிதாக இருந்தால் நேயர் முந்திக்கொள்வார். சிறிதாக இருந்தால் அது பிசகு என்றே தெரியாது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காட்டவேண்டும்: முதலில் சும்மா கண்ணில் படும்படி, பிறகு அவன் பார்வையில்.

நேயருக்கு எவ்வளவு சொல்வது என்பது அடுத்த தலைவலி. தொடரில் தலைவனுக்கு வேலையை ஒப்படைக்கும் ஒலிநாடா சீனில் சொல்லப்படுவது எதிராளி யார், என்ன வேண்டும் என்பது மட்டும். நாடா புகைந்து அழிந்ததும் தலைவனின் வீட்டில் குழு கூடும். அங்கே திட்டத்தை விளக்கமாட்டார்கள். ஒரு கருவியை இயக்கிப் பார்ப்பார்கள், ஒரு முகமூடியைப் பொருத்திப் பார்ப்பார்கள், ‘அந்த நான்கு நிமிடம் போதுமா?’ என்று ஒரு கேள்வி வரும். அவ்வளவுதான். திட்டத்தை முழுதாகச் சொன்னால் பின்பாதி வெறும் சரிபார்ப்பாகிவிடும். ஒன்றுமே சொல்லாவிட்டால், தடங்கல் வரும்போது அது தடங்கல் என்று எவருக்கும் புரியாது. துண்டுகளைக் காட்டி அவற்றைச் சேர்க்கும் விதத்தை மறைப்பதுதான் நடுவழி.

அந்தத் துண்டுகளைக் காட்டுவது இன்செர்ட் ஷாட்டுகள்: கை, திருகு, கடிகாரமுள், ஒயர். கிரெக் மோரிஸ் நடித்த பார்னி, குழுவின் கருவி நிபுணன், காற்றுக்குழாய்க்குள் தவழ்ந்துபோய்ச் செய்யும் வேலைகளில் பாதி இப்படி வரும் நெருக்கக் காட்சிகள்தான். வசனம் இல்லாமல் கதை நகர்வதற்கு இதுதான் விலை, நிஜமாகவே விலை. ஒரு பக்க வசனத்தை ஒரே மூச்சில் எடுத்துவிடலாம், பன்னிரண்டு கை ஷாட்டுக்கு ஒவ்வொரு தடவையும் லைட் மாற்றவேண்டும். 1967இல் டெசிலு கைமாறி பாராமவுண்டின் கீழ் போனபிறகு, செலவை வைத்து கெல்லருக்கும் நிர்வாகத்துக்கும் நடந்த இழுபறி ஊரறிந்தது.

முகமூடி விஷயத்தில் ஒரு தயாரிப்பு இரகசியம் உண்டு. குழுவின் வேடக்காரனாக நடித்த மார்ட்டின் லாண்டோ இன்னொருவர் முகத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போனால், அந்தச் சீனில் நடிப்பது பெரும்பாலும் அந்த இன்னொருவரேதான். ஆகவே கௌரவ நடிகருக்கு இரண்டு வேடம்: தன்னுடையது, தன்னைப்போல் நடிக்கும் ஆளுடையது. கால்ஷீட்டில் அவர் நாளைக் கூட்டிப் போடவேண்டும். இருவரும் நேருக்கு நேர் நிற்கும் சீனை எழுதாமல் தவிர்க்கவேண்டும். உரித்தெடுக்கும் ஷாட்டில் கை கழுத்துக்குப் போகும், ஒரு திருப்பம், ஒரு கட், ரப்பர் கையில் தொங்கும். இந்த வசதியை அளவுக்கு மேல் பயன்படுத்தினால் எந்தச் சிக்கலுக்கும் முகமூடியே விடை என்றாகிவிடும். அந்த நோய் தொடரையும் தொற்றியது.

தடங்கல் எங்கிருந்து வரவேண்டும்? தற்செயலாக வரலாம், தீர்வு தற்செயலாக வரக்கூடாது. முதல் எபிசோடிலேயே பெட்டகம் திறக்க அழைத்துவந்தவரின் விரல்கள் நசுங்கிவிடுகின்றன. ஸ்டீவன் ஹில் நடித்த தலைவன் பிரிக்ஸ் அவர் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது. நல்ல தடங்கலின் அடையாளம் அது: திட்டம் மாறவில்லை, ஆள் மாறியிருக்கிறார்.

கடைசி இரண்டு சீசன்களில் அயல்நாட்டுச் சர்வாதிகாரிகள் ஏறத்தாழ மறைந்து, ‘சிண்டிகேட்’ என்ற உள்ளூர்க் குற்றக் கும்பல் வந்தது. வெளிநாட்டுத் தெருவும் சீருடையும் தேவையில்லை என்பதால் செலவு குறைந்தது. கதையும் மெலிந்தது என்பது எங்கள் கணிப்பு. வேற்றுநாட்டில் மாட்டினால் அரசு கைவிட்டுவிடும் என்ற நாடாக் குரலின் எச்சரிக்கைக்குப் பொருள் இருந்தது. உள்ளூர் ரௌடியிடம் மாட்டினால், போலீசைக் கூப்பிட்டால் என்ன என்று நேயர் கேட்பார்தானே.

எதிராளி என்ன செய்வான் என்று கணிக்கவே முடியாவிட்டால்? 1970இல் ஐந்தாம் சீசன் ‘தி கில்லர்’ எபிசோடில் தொடங்கியது. ராபர்ட் கான்ராட் நடித்த கொலையாளி ஒவ்வொரு முடிவையும் பகடை உருட்டி எடுப்பவன். எந்த ஹோட்டலில் தங்குவான் என்று அவனுக்கே தெரியாது. குழு அவன் மனசைக் கணிக்கப் போகவில்லை. பெயர்ப்பலகை இல்லாத ஒரு போலி ஹோட்டலைத் தயாராக வைத்துக்கொண்டு, அவன் ஹோட்டலின் பெயரை முடிவுசெய்தபின் அவனுடைய டாக்சி வந்துசேர்வதற்குள் அந்தப் பெயரை எல்லாவற்றிலும் ஏற்றிவிடுகிறார்கள். தேர்வு அவனுடையது, தேர்ந்தெடுத்ததெல்லாம் ஒரே கட்டடம். 1988இல் அமெரிக்க எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஏபிசி தொலைக்காட்சிக்காகப் பழைய ஸ்கிரிப்டுகளைத் தூசிதட்டி ஆஸ்திரேலியாவில் தொடரை மறுபடி எடுத்தார்கள். முதல் எபிசோடுக்கு எடுத்துக்கொண்டது இந்தப் பகடைக்காரன் கதையைத்தான்.