செவ்வாக்கிழமை வர்ற நெஞ்சடைப்பு

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர்ல கிளினிக் வச்சிருக்கேன், பொது மருத்துவம்தான். யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தி எழுதுறேன்.

ஒரு அக்கா முதல்ல வந்தப்போ கையில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள ரெண்டு வருஷ ரிப்போர்ட், ஈசிஜி, எக்கோ, எண்டாஸ்கோபி, தலை ஸ்கேன், எல்லாமே நார்மல். நெஞ்சு அடைக்குது, கை மதமதன்னு இருக்கு, உள்ளங்கால் எரியுது, தூக்கமே இல்லன்னாங்க. வெளிய இருபது பேர் உக்காந்திருந்த அவசரத்துல நான் பையைப் புரட்டிட்டு "உங்களுக்கு ஒண்ணுமே இல்லக்கா, மனசைப் போட்டு குழப்பிக்காதீங்க"ன்னு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துட்டேன். எந்திரிச்சவங்க வாசல்ல நின்னு "அப்ப நான் நடிக்கிறேனா மேடம்?"னு கேட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு சாப்பாடு இறங்கல.

வலி வலிதான், ரிப்போர்ட்ல தெரியலங்கிறதுக்காக அது பொய்யாகாது. மனநோய்களை வகைப்படுத்துற டிஎஸ்எம்ங்கிற அமெரிக்கக் கையேட்டுலயே 2013ல இதை மாத்திட்டாங்க, உடம்பு உபாதையைப் பத்தின கவலையே பெரிசாகிற கோளாறுன்னு (சொமாட்டிக் சிம்ப்டம் டிஸார்டர்) சொல்லணும்னா காரணம் கண்டுபிடிக்க முடியாத வலியா இருந்தாத்தான்னு இருந்த நிபந்தனையை எடுத்துட்டாங்க. சுகரோ இதய நோயோ இருக்கிறவங்களுக்கும் இந்தக் கோளாறு வரலாம், அந்த உபாதையைப் பத்தின பயமும் கவலையும் ஒருத்தர் நாளை எவ்வளவு தின்னுதுங்கிறதுதான் கேள்வி.

அதுக்காக எடுத்தவுடனே டென்ஷன்னு முத்திரை குத்துறதும் ஆபத்துதான். எல்லாரும் "கவலை, கவலை"ன்னு அனுப்பி வச்ச ஒரு அம்மாவுக்கு நான் பார்க்கும்போது ஹீமோகுளோபின் 6தான், கடுமையான ரத்தசோகை. அதனால ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், கால் எரிச்சல்னா வைட்டமின் பி12, இதெல்லாம் ஒரு தடவை ஒழுங்கா பார்த்துடுவேன், எடை குறைஞ்சிருக்கா, காய்ச்சல் இருக்கா, மலத்துல ரத்தம் போகுதான்னு கேட்டுடுவேன், தொட்டுப் பார்க்காம யாரையும் அனுப்புறதில்ல.

அந்தக்கா நல்லவேளை மறுபடி வந்தாங்க. இந்தத் தடவை கிளினிக் முடிஞ்ச நேரத்துக்கு வரச் சொல்லி, என் முன்னாடியே கொஞ்ச நேரம் வேகமா மூச்சு விடச் சொன்னேன், நானும் கூடவே விட்டேன். விரல் நுனி மதமதன்னு ஆனதும் "இதேதான் மேடம்!"னாங்க. வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனாலதான் மரத்துப்போகுதுன்னு சொன்னேன். ரெண்டு வருஷமா அதுக்கு ஒரு காரணம் சொன்ன ஆளே இல்லையாம்.

தேதி காலண்டர்ல தாளைக் கிழிச்சு, வலி வர்ற அன்னைக்கு பின்னாடி என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதச் சொன்னேன். கொண்டு வந்த தாள்ல பாதிக்கு மேல செவ்வாக்கிழமை. செவ்வாக்கிழமைதான் குழு லோன் தவணை கட்டுற நாள். நான் கண்டுபிடிக்கல, அவங்களே தாளை மேசைல அடுக்கும்போது பேச்சை நிறுத்திட்டு அழுதாங்க. வீட்டுக்காரர் வேலைக்குப் போகாம இருக்கிறது, பக்கத்து வீட்டுல கடன் கேட்டது, எல்லாம் அன்னைக்குத்தான் வெளிய வந்துச்சு. உயிரை விட்டுடலாம்னு தோணியிருக்கான்னும் நேராவே கேட்டேன், கேட்டா விதைச்ச மாதிரி ஆயிடும்னு பயப்பட வேண்டியதில்ல. இல்லன்னாங்க. இருந்தாலும் அரசோட மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416ஐ எழுதிக் கொடுத்தேன்.

ராத்திரிக்கு, வலியைக் குறைச்சு தூக்கத்துக்கும் உதவுற அமிட்ரிப்டிலின் மாத்திரை, குறைஞ்ச அளவா 10 மில்லிகிராம், என்ன மாத்திரை, எதுக்குன்னு மறைக்காம சொல்லித்தான் கொடுத்தேன். அதைவிட முக்கியம், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, வலி இருந்தாலும் இல்லாட்டியும், வாங்கன்னு தேதி குறிச்சேன், ஏன்னா வலிச்சாத்தான் டாக்டரைப் பார்க்க முடியும்னா உடம்பு வேற என்னதான் செய்யும்? புதுசா ஸ்கேன் எதுவும் எடுக்கல, குளுக்கோஸ் ஏத்தச் சொன்னப்பவும் பொறுமையா பேசி மறுத்தேன்.

வலி முழுசா போகல. ஆனா ஆறேழு மாசம் கழிச்சு ஒரு நாள் தேதி இல்லாம வந்து வயித்துல வலது பக்கம் கையை வச்சு "மேடம், இது அந்தப் பழைய வலி இல்ல, இது வேற"ன்னாங்க. உடனே ஸ்கேனுக்கு அனுப்பினேன். பித்தப்பைல கல்லு.