சி டிரைவைச் சுருக்கி உபுண்டுவுக்கு இடம் பிடித்தது

விண்டோஸ் 11 ஓடும் மடிக்கணினியிலேயே உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவப் போகிறேன். இருப்பது ஒரே எஸ்எஸ்டி, 512 ஜிபி. சி டிரைவில் பாதிக்கு மேல் காலி. அதில் 80 ஜிபி எடுப்பது சுலபம் என்றுதான் தோன்றியது.

முதலில் முக்கியமான கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்தேன். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதிக்கொண்டேன். பூட் அமைப்பில் கை வைத்தால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். அப்போது அது பூட்டிய கணினிக்குள்ளேயே இருந்து என்ன பயன்?

அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி மீது வலது கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். சுருக்கக்கூடிய இடம் 31 ஜிபி சொச்சம் என்றது. காலி இடமோ 260 ஜிபிக்கு மேல்!

காரணம், சுருக்கும்போது பார்ட்டிஷனின் (டிஸ்கில் பிரித்த பகுதியின்) வால் பக்கம்தான் வெட்டப்படும். அங்கே கிடக்கும் சாதாரணக் கோப்புகளை விண்டோஸே முன்னால் நகர்த்திவிடும். பேஜ் ஃபைல் (ரேமுக்குத் துணையான கோப்பு), ஹைபர்னேட் கோப்பு (கணினியை அணைக்கும்போது அதன் நிலையைச் சேமிப்பது), சிஸ்டம் ரெஸ்டோர் பிரதிகள் போன்றவற்றை மட்டும் அதனால் அசைக்க முடியாது. அவற்றில் ஒன்று வழியில் உட்கார்ந்திருந்தால், அதற்குப் பின்னால் இருப்பதைத்தான் வெட்டலாம். முன்னால் எவ்வளவு காலியாகக் கிடந்தாலும் கணக்கில் வராது.

தடுப்பது எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில், அப்ளிகேஷன் பதிவுகளில், 259 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் திறந்தால் நகர்த்த முடியாத கடைசிக் கோப்பின் பெயர் அதிலேயே இருக்கும். எனக்கு வந்தது பேஜ் ஃபைல். அதோடு ஹைபர்னேட், ரெஸ்டோர் பிரதிகளை எடுக்கும் சிஸ்டம் ப்ரொடெக்ஷன் இரண்டையும் சேர்த்தே அணைத்தேன். பழைய ரெஸ்டோர் பாயின்ட்டுகள் போய்விடும், தெரிந்தேதான் செய்தேன். ரீஸ்டார்ட் செய்து மறுபடி பார்த்தால் 120 ஜிபிக்கு மேல் காட்டியது.

அளவை எம்பியில்தான் கொடுக்க வேண்டும். 80 ஜிபிக்கு 81920. சி-க்கும் ரெகவரி பார்ட்டிஷனுக்கும் நடுவே கறுப்புப் பட்டையோடு ஒதுக்கப்படாத இடம் வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். இங்கேயே புதிய டிரைவாக்கி ஃபார்மட் செய்வது வீண் வேலை. லினக்ஸுக்கான ஈஎக்ஸ்டி4 வகைப் பார்ட்டிஷனை உபுண்டுவின் இன்ஸ்டாலரே உருவாக்கிக்கொள்ளும். கணினியைத் தொடங்கிவைக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனும் தனியாகத் தேவையில்லை, விண்டோஸுடையதையே பகிர்ந்துகொள்ளலாம். என் டிஸ்கின் பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடி வகை என்பதால் பார்ட்டிஷன் எண்ணிக்கைக் கவலை இல்லை. பழைய எம்பிஆர் வகை என்றால் பிரைமரி பார்ட்டிஷன் நான்குக்கு மேல் போட முடியாது, அதை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ப்ரொடெக்ஷனையும் திரும்ப இயக்கிவிட்டேன். ஹைபர்னேட் அணைந்தே இருக்கட்டும். அது இல்லாவிட்டால், விண்டோஸை முழுதாக மூடாமல் வைத்து வேகமாகத் தொடங்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இருக்காது. விண்டோஸ் ஒழுங்காக மூடிக்கொள்ளும், லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறக்கும்போது தகராறு வராது. அடுத்து பூட் ஆகும் பென் டிரைவ் தயாரிக்க வேண்டும்.