இட்டேரி: முன்பாதி கிடைத்தது

ஊர்ச்சொற்களை நோட்டில் எழுதிவைப்பது என் பொழுதுபோக்கு. இந்த மாதம் மாட்டியது ‘இட்டேரி’. காங்கயம், தாராபுரம் பக்கம் காடுகளுக்கு (எங்கள் பேச்சில் விளைநிலம்) நடுவே போகிற வண்டித்தடத்துக்கு அதுதான் பெயர். சின்ன வயதில் அங்கேதான் கோவைப்பழம் பறித்தோம், ஓணானை, எங்கள் ஊர் ஒடக்கானை, அடித்தோம் (அந்தப் பாவம் தனிக்கணக்கு). தடத்துக்கு எதற்கு ஏரி?

முதலில் மழைத்தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். அடைமழைக்கு இட்டேரி ஓடை மாதிரி ஓடும். ஆனால் ஓடுகிற தண்ணீரை யாரும் ஏரி என்பதில்லை. சரி, அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

அப்புறம்தான் அம்மிச்சியிடம் (அம்மாவின் அம்மா) கேட்டேன். “ரெண்டு பக்கமும் வேலி இருந்தாத்தான் சாமி இட்டேரி. இல்லீனா அது வெறுந் தடம்” என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை. மறுநாள் டேப்போடு போய் அளந்தேன். வேலி என்றால் கிளுவைச் செடி நட்ட உயிர்வேலி. இந்தக் கிளுவை வேலிக்கும் அந்தக் கிளுவை வேலிக்கும் நடுவே 11 அடி. ஒரு மாட்டுவண்டி போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் தகராறுதான்.

குறுகல் என்று மனதில் பட்டதும் குறள் 478 வந்து நின்றது: ‘ஆகாறு அளவிட்டி தாயினும்’. வருவாய் வரும் வழி சிறிதானாலும் என்கிறார். இட்டிது என்றால் சிறியது. அங்கேயும் பேச்சு ஆற்றைப் பற்றி, அதாவது வழியைப் பற்றித்தான். குறுந்தொகை 193இல் வாய் குறுகிய சுனை ‘இட்டுவாய்ச் சுனை’. சிறுத்த இடை ‘இட்டிடை’. ஆக, இட்டேரியின் முன்பாதி ‘குறுகிய’ என்பதே என் கணிப்பு.

பின்பாதிதான் இழுக்கிறது. அப்பாருவின் (தாத்தாவின்) கிரயப் பத்திரத்தில் சக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு எல்லை, எழுதிய இடத்தில் ‘இட்டேறிக்குக் கிழக்கு’ என்று வல்லின ற இருந்தது. ஏறுகிற தடம், அவ்வளவுதான் என்று குதித்தேன். அடுத்த வரியிலேயே ‘கிணரு’! அந்த எழுத்தரை நம்பி எதையும் முடிவுசெய்ய முடியாது. ‘இட்டு நெறி’ தேய்ந்ததோ என்றும் பார்த்தேன். நடுவில் இருந்த ‘ந’ எங்கே போனது என்று எனக்கே பதில் சொல்ல வராததால் விட்டேன். இதற்கிடையில் பாளையங்கோட்டைப் பக்கம் இட்டேரி என்று ஓர் ஊரே இருக்கிறது. அங்கே ஒரு நடை போய் வேலியா தண்ணீரா என்று பார்க்க வேண்டும்.

தடத்தின் கடைசியில் ஒருபக்கக் கிளுவையைப் பிடுங்கிக் கம்பி கட்டியிருக்கிறார்கள். அதுவும் இட்டேரிதானா என்று அம்மிச்சியைக் கேட்டேன்.

“கம்பியும் வேலிதான சாமி” என்றார்.