குறுக்குச் சட்டத்தருகே ஒரு விரிசல்: படகுப் பழுது நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 3

மழைக்காலம் முடிந்து மணல் காய்ந்துவிட்டதால் எங்கள் பைபர் படகைக் கரையில் சாய்த்து வைத்தோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்த படகுகளில் இதுவும் ஒன்று. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் உண்டு; பழுது வேலைகள் அப்போது நடந்துவிடும். சிறு படகுகளுக்கு அத்தடை இல்லாததால் வேலைக்கான நாட்களை நாங்களே ஒதுக்க வேண்டும்.

படகின் முன்பகுதியான அணியத்தில் நட்சத்திரம் போலப் படர்ந்திருக்கும் கீறல்கள் ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சோடு நின்றுவிட்டன. அடிப்பக்கத்துக் குறுக்குச் சட்டத்தை ஒட்டி நீளும் விரிசல் அப்படியல்ல. நாணயத்தால் தட்டினால் அதன் இருபுறமும் மந்தமான ஓசை எழுகிறது. உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. இத்தகைய விரிசலைப் புட்டியால் மூடிப் பெயின்ட் அடித்துக் கடலுக்கு அனுப்பும் வழக்கத்தை நான் ஏற்கவே மாட்டேன். அதில் செல்பவர்கள் மனிதர்கள்.

பிப்ரவரி 5

நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, வெயிலில் காயவிட்டோம். ஈரம் இருந்தால், கண்ணாடி இழைகளை இறுக்கி ஒட்டும் பிசினான ரெசின் பிடிக்காது.

பிப்ரவரி 9

முகமூடி அணிந்து உட்புறத்தைக் கிரைண்டரால் தேய்த்தேன். அடிப்பலகம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமன். தடிமனைப் போல் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவு வேண்டும் என்பதால், விரிசலின் ஒவ்வொரு பக்கத்திலும் 7 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சரித்தேன். இறுகிப்போன பழைய பாலியெஸ்டர் ரெசினுடன் புதிய ரெசின் வேதிமுறையில் ஒன்றாகிவிடுவதில்லை. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டே நிற்கிறது. அதனால்தான் அகலமான சரிவும் கரடான பரப்பும் தேவைப்படுகின்றன.

தேய்த்தபோது காரணமும் புலப்பட்டது. அலையும் மணலும் மோதும்போது பலகம் வளைகிறது, சட்டம் வளைவதில்லை. வளைவு முழுவதும் சட்டத்தின் கூரிய விளிம்பில் வந்து குவிகிறது. விளிம்பை அப்படியே விட்டு விரிசலை மட்டும் ஒட்டினால், புதிய ஒட்டுக்கு அருகிலேயே மீண்டும் பிளக்கும்.

பிப்ரவரி 10

அசிட்டோனால் துடைத்து, வெளிப்புறத்தில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய பலகையை முட்டுக் கொடுத்தோம். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டை ரெசினில் நன்கு கலந்த பிறகே, அதை இறுகத் தொடங்கவைக்கும் கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கக்கூடும் என்பதைக் கூட வேலை செய்த தம்பிக்கு ஒவ்வொரு முறையும் நினைவூட்டினேன். காலைக் குளிர்ச்சியிலேயே தொடங்கினோம். கிலோ ரெசினுக்கு 15 கிராம் கேட்டலிஸ்ட் சேர்த்தோம். பழைய பரப்பை ஒட்டி முதலில் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பு), அதன்மேல் ரோவிங் (தடித்த கண்ணாடி இழை நெசவு), மறுபடி மேட் என்று அடுக்கினோம். ரோவிங்கின் நெசவு இடைவெளிகள் பழைய பரப்பில் முழுதாகப் படியாது, மேட் படியும். காற்றுக் குமிழ் தங்காதபடி ஒவ்வோர் அடுக்கையும் ரோலரால் அழுத்தினோம். மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஏற்றினால் சூடு பெருகி ரெசின் வெடிப்பு விடும் என்பதால் மீதியை மாலைக்கு ஒத்திவைத்தோம்.

பிப்ரவரி 12

சட்டத்தின் விளிம்பில் கெட்டியான ரெசின் கலவையைக் குழிவாக வழித்து, அதன்மேல் பலகத்தில் நன்கு அகன்று இறங்கும்படி மேட் ஒட்டினேன். இந்தப் பழுதின் உயிர்நாடி இதுதான்.

பிப்ரவரி 16

வெளிப்புறத்தில் ஜெல்கோட் பூசினோம். காற்றுப் படும் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்பதால் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்த்தோம்.

பிப்ரவரி 18

400, 600, 800 எனப் படிப்படியாக நயமான வாட்டர் பேப்பரால் (நீர்விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து மெருகேற்றினோம். நிறம் பழைய பகுதியோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை. அது எனக்குப் பொருட்டல்ல. தட்டினால் ஓசை ஒரே சீராக, கணீரென்று வருகிறது. மற்றச் சட்டங்களின் விளிம்புகளும் இதே கூர்மையோடுதான் இருக்கின்றன. அவற்றையும் இப்போதே குழிவாக்கிவிட எண்ணி, கூடுதலாக மேட் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.